எந்த வெளி?

பட்டறையில் போன் எடுக்கிற பிள்ளை, யார் கூப்பிட்டாலும் முதலில் "எந்த வெளி?" என்றுதான் கேட்கிறது. அளவு, நிறம், எத்தனை வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நான் வேலையை விட்டு நின்ற பின்னால் சேர்ந்த பிள்ளை. கேட்கச் சொல்லியிருக்கிறார்கள், கேட்கிறது.

போன வாரம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். "யத்தே, இது என்ன கேள்வி? போன்ல இருக்கவுக சிரிக்காக. யாரு ஆரம்பிச்சு வச்சது?" என்றது.

சொன்னேன்.

"இத எழுதிக் குடுங்க. எல்லாரும் படிக்கட்டும்."

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பேச்சும் குறைவு. தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மம்சாபுரம். காலையில் டவுன் பஸ்ஸில் இராஜபாளையம் போவேன். என்னோடு இறங்குகிற பெண்கள் எல்லாம் நூல் மில்லுக்குள் போவார்கள். நான் மில்லுக்குக் கூடை பின்னுகிற பட்டறைக்குப் போவேன். அப்போது மில்லுக்குள் நூல் சுற்றின பாபின் அள்ளிப் போட, தூக்கிக்கொண்டு போக, எல்லாவற்றுக்கும் பிரம்புக் கூடைதான். பிரம்பு கேரளாவில் இருந்து செங்கோட்டை வழியாக லாரியில் வரும். கட்டை அவிழ்த்தால் மழைக்காட்டு வாசனை அடிக்கும்.

வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. விரல் கிழிந்தது. பிறகு காய்த்தது. அப்புறம் கிழியவில்லை.

மேஸ்திரியைப் பற்றித்தான் எழுத வேண்டும். நாங்கள் அண்ணாச்சி என்போம். ஒல்லியான ஆள். பட்டறை முழுக்கத் தூசியும் தும்புமாக இருக்கும், அவர் வேட்டி மட்டும் வெள்ளையாகவே இருக்கும். நம் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். கையைப் பார்த்துப் பேசுவார். யார் எங்கே தப்பாக மடக்கினாலும் பட்டறையின் அந்தக் கோடியில் இருந்தே "ஏட்டி" என்பார். ஒரே வார்த்தை. யாரைச் சொல்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாருமே பிரித்துச் சரியாகப் பின்னுவோம்.

சாமான் முடிந்ததும் ஒரு சோதனை வைப்பார். எங்கள் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி நிறைய. சல்லடை மாதிரி இருக்கிற துணி. கழித்துப் போட்டதில் ஒரு முழம் எடுத்து வைத்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு அதைச் சாமான் மேல் இழுப்பார். கைப்பிடி, விளிம்பு, அடிப்பக்கம், ஒரு இடம் விடமாட்டார். பச்சைப் பிள்ளைக்குத் துடைத்துவிடுகிற மாதிரி இருக்கும். பிரம்பில் கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தத் துணி பிடித்துவிடும். பிடித்தால் அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார். பிடிக்காவிட்டால் துணியை மடித்து மடியில் செருகிக்கொண்டு, "டீ சொல்லு" என்பார். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. டீ சொல்லு. அவ்வளவுதான்.

பிறகு மில்களில் பிளாஸ்டிக் பெட்டி வந்தது. பிரம்புக் கூடையை நிறுத்திவிட்டார்கள். இனி வேலைக்கு எங்கே போவது என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிற மாரியக்காவுக்கு அந்தக் கவலை இல்லை.

"நல்லதாப் போச்சு. இம்புட்டு வருசமாப் பின்னுன கூடைல ஒரு நாளாவது உக்கார முடிஞ்சுதா? இனி நாற்காலி பின்னுவோம். பின்னிட்டு உக்காந்து பாக்கலாம்."

"உக்காரத்தான் ஒனக்குச் சம்பளமாட்டி?" என்றார் அண்ணாச்சி.

"பின்ன, நின்னுக்கிட்டா பாப்பாக?"

நாற்காலிக்கு மாறினோம். தடித்த பிரம்பை ஊதுவிளக்குத் தீயில் வாட்டி வளைத்துச் சட்டம் செய்வது ஆண்கள் வேலை. பிரம்பைக் கீறி எடுத்த பட்டையைத் தண்ணீரில் ஊறப் போட்டு ஈரத்தோடு பின்னுவது எங்கள் வேலை. ஈரத்தில் பின்னினால் காயக் காய இறுகும்.

அப்போது ஒரு பங்களாவில் இருந்து ஆர்டர் வந்தது. வெளியே போட்டு உட்கார நாற்காலிகள் என்றார்கள். வெளியே என்றால் முன்பக்கம் கூரை போட்ட தாழ்வாரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நம் வீட்டில் வெளியே உட்கார்வது என்றால் அதுதானே. அவர்கள் வெளியே என்று சொன்னது புல்வெளி. தோட்டக்காரர் தினமும் புல்லுக்குக் குழாய் பிடிப்பார். நாற்காலியையும் சேர்த்தே நனைப்பார். புல் நன்றாக வளர்ந்தது. நாற்காலியும் கறுத்து, காலடியில் குடை குடையாகக் காளான் வந்துவிட்டது. திருப்பி அனுப்பினார்கள். வண்டியில் இருந்து இறக்கும்போது மாரியக்கா குனிந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, பறிச்சுட்டுப் போகட்டா? சாயங்காலக் கொழம்புக்கு ஆகும்."

அண்ணாச்சி அன்றைக்கு யாரையும் ஏசவில்லை. நாற்காலிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மறுநாள் முதல் யார் வந்து வெளியே போட நாற்காலி என்றாலும், "எந்த வெளி?" என்று கேட்க ஆரம்பித்தார். முழிப்பார்கள். அவரே சொல்லுவார்.

"தலைக்கு மேல கூரை இருக்கா, மரம் இருக்கா, வானம் இருக்கா?"

கூரை என்றால் பிரம்பு. மரம் என்றால் பிரம்புதான், வார்னிஷ் கூட ஒரு பூச்சு, மழைக்கு உள்ளே எடுத்துவிட வேண்டும். வானம் என்றால் அப்போது எங்களிடம் ஒன்றும் இல்லை. திருப்பி அனுப்பிவிடுவார்.

வானத்துக்கு வழி பார்க்கிறேன் என்று அவரே ஒரு தடவை இரும்புச் சட்டத்தில் கூடை பின்னுகிற வயரைச் சுற்றிப் பின்னச் சொன்னார். மகாராஜபுரத்தில் ஒரு தோப்புக்காரர் வாங்கிப் போனார். நல்ல உடம்புக்காரர். வெயிலில் கிடந்து வயர் மொரமொரவென்று ஆகியிருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்தவர் அப்படியே சட்டத்துக்குள் இறங்கிவிட்டார். முட்டி நெஞ்சில் இடிக்கிறது. வெளியே வர முடியவில்லை. அந்த நிலையிலேயே போன் போட்டு, "மேஸ்திரி, நாற்காலி என்னய முழுங்கிருச்சு. ஆள் அனுப்பு" என்றாராம். நல்ல மனிதர். வேறு ஒருவர் என்றால் சண்டைக்கு வந்திருப்பார்.

அதற்குப் பிறகுதான் விக்கர் என்று சுருள் சுருளாக வந்தது. இதுவும் பிளாஸ்டிக்தான். ஆனால் வெயிலுக்கென்றே செய்தது. மழைக்கும் ஒன்றும் ஆகாது. தேன் கலர், காப்பிப்பொடி கலர் என்று பார்த்தால் பிரம்பு மாதிரியே இருக்கும். தொட்டால் தெரிந்துவிடும். ஊறப் போட வேண்டாம், விரலைக் கிழிக்காது. எனக்குப் பிடித்திருந்தது. பிரம்புதான் உசத்தி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. எது எந்த வெளிக்கு ஆகுமோ அது.

இனி சுபேதார் ஐயா கதைக்கு வருகிறேன். என் வேலையில் என்னைப் பாடாய்ப் படுத்தியது அந்த ஒரு நாற்காலிதான்.

ஆடிப்பூரத் தேருக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து கோதையம்மா என்று ஒரு அம்மா பட்டறைக்கு வந்தார்கள். வீடு ரத வீதியில். வீட்டுக்காரர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து, பாதி சரியாகி இருந்தது. எழுந்து நின்றுவிட்டால் கம்பு ஊன்றி நடப்பார். எழுந்திருப்பதுதான் பாடு. அசாமில் இருந்தபோது வாங்கி ரயிலில் கொண்டுவந்த ஒரு பிரம்பு நாற்காலி வீட்டில் உண்டு. அதில் இருந்து மட்டும் தானாக எழுந்துவிடுவார். வேறு எதில் உட்கார்ந்தாலும் முடியாது. யாராவது தூக்கிவிட வந்தால் கோபம் வந்துவிடும்.

"அதே மாதிரி ஒரு நாற்காலி வேணும் அண்ணாச்சி" என்றார்கள்.

"எந்த வெளி?"

கோதையம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீக. அதாலதான் நாற்காலி போச்சு."

தேருக்கு விருந்தாள் வருவார்கள் என்று வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள்.

"சுண்ணாம்பு தெறிக்கும்லா, அதான் வெள்ளையடிக்க வந்தவங்ககிட்ட, இந்த நாற்காலிய வெளிய போடுங்கப்பான்னேன். சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். செத்த நேரம் கழிச்சு வந்து பாக்கேன், வாசல்ல காணும். பழைய பாயி, தலாணியோட சேத்துத் தெருமுக்குல குப்பைல போட்டிருக்காக. நகராட்சி வண்டி அள்ளிட்டுப் போயிருச்சு. என்னப்பா இப்படிப் பண்ணிட்டியன்னா, நீங்கதானம்மா வெளிய போடச் சொன்னியங்கான்."

மாரியக்கா திரும்பிக்கொண்டு முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"அவிய என்ன சொன்னாக?"

"ஒண்ணுஞ் சொல்லல. கட்டில்ல படுத்துட்டாக. போன வருசம் தேரு வரயில ஒடம்பு முடியாம உள்ள படுத்து சத்தத்தத்தான் கேட்டாக. இந்த வருசம் அந்த நாற்காலிய வாசல்ல வச்சு உக்காரணும், ஆண்டாள் தேர் வரயில எந்திரிச்சு நிக்கணும், யாரும் பிடிக்கக் கூடாதுன்னாக. வேற ஒண்ணும் அவிய கேக்கல. உக்காந்துக்கிட்டே கும்பிட்டா ஆகாதான்னு கேட்டுட்டேன். அன்னைக்குப் பூரா எங்கிட்டப் பேசல."

அண்ணாச்சி தன் கேள்விக்கே வந்தார். "வாசல்ல தலைக்கு மேல என்ன?"

"வானந்தான்."

"தேர் முடிஞ்ச பொறவு?"

"தெனமும் வாசல்ல உக்காரணும்னு ஆசை."

"பாக்கியம் வருவா. அளவு எடுப்பா" என்றார். என் பெயர் பாக்கியம்.

கோதையம்மா வெளியே போன பின் மாரியக்கா கேட்டாள், "நா போகட்டா?"

"நீ பேசுவ. அவியளுக்கு இப்பப் பேச்சு வேண்டாம்."

போனேன். சுபேதார் ஐயா கட்டிலில் சாய்ந்திருந்தார். பெரிய மீசை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தச்சரா?"

"பின்னுறவ."

"அளவு எங்க இருக்கு, குப்பைக்குல்லா போயிருச்சு?"

"ஒங்ககிட்ட இருக்கு" என்றேன்.

நாற்காலி போய்விட்டது, ஆனால் அதில் எழுந்த உடம்பு இருக்கிறதே. பின்னாத ஒரு இரும்புச் சட்டத்தைக் கொண்டுபோயிருந்தேன். அதன் மேல் ஒரு பலகை. பலகை மேல் அவருடைய பட்டாளத்துக் கம்பளிகளை மடித்துப் போட்டேன். கைவைக்க இரண்டு பக்கமும் பிரம்புக் கழியைக் கயிற்றால் கட்டினேன். கயிற்றை அவிழ்த்து ஏற்றலாம், இறக்கலாம். உட்கார வைத்து, எழுந்திருங்கள் என்றேன்.

முடியவில்லை. கழியை ஏற்றினேன். முடியவில்லை. ஒரு கம்பளி கூட வைத்தேன். பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தார். கோதையம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்கள்.

"அடுத்தது" என்றார். அணிவகுப்பில் சொல்வது மாதிரி. வேர்த்துக் கொட்டியது. கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதும்தான் என் வேலை.

இடது பக்கக் கழி மட்டும் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கைதானே வலுவில்லாதது. அதை மட்டும் ஏற்றிக் கட்டினேன்.

எழுந்தார். நின்றார்.

எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. அதை நேருக்கு நேர் பார்த்தார்.

"கோதை! போன வாரத்துத் தேதி தொங்குது. கிழிக்கதில்லையா?"

அடுப்படியில் இருந்து ஓடி வந்த கோதையம்மா, அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, கிழிக்கக் கையைத் தூக்காமலே நின்றார்கள். நான் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டுக்கொண்டேன்.

அந்த அளவுக்கு இரும்பில் சட்டம் செய்து, பெயிண்ட் அடித்து, விக்கரில் பின்னினோம். தேன் கலர். இடது கை உயரம், வலது கை தாழ்வு. மாரியக்கா தள்ளி நின்று பார்த்து, "ஒரு தோளத் தூக்கிட்டு நடக்க ரவுடி மாதிரி இருக்கு" என்றாள். அண்ணாச்சி துணி இழுத்தார். பிடிக்கவில்லை. டீ சொன்னார்.

மறுநாள் மூன்று பேருமாகக் கொண்டுபோய் ரத வீதி வாசலில் வைத்தோம். சரியான வெயில். சுபேதார் ஐயா கம்பு ஊன்றி வந்தார். நாற்காலியைத் தட்டிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்கா? நான் என்ன தண்ணிக் கொடமா, பிளாஸ்டிக்குல வைக்க?"

"வானத்துக்கு அதான் ஆகும்" என்றார் அண்ணாச்சி.

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு கையை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடியும் பார்த்தார். இடது கை வழுக்கிக்கொண்டு போனது. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். கடைசியில் அவர் மகன் வந்து தூக்கிவிட்டார். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனார்.

"தேர் அன்னைக்கு நான் உள்ளயே இருந்துக்கிடுதேன். அந்தச் சாமான எடுத்துட்டுப் போங்க."

அண்ணாச்சி வெயிலில் நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பின்னலில் கையை வைத்து அமுக்கினார். நானும் அமுக்கினேன். பட்டறையில் கல் மாதிரி இருந்தது, வெயிலில் இரண்டு விரல் தொய்ந்திருந்தது. நிழலில் பின்னியது. சூட்டில் இளகுகிறது. உட்காரும் இடம் இறங்கினால் கை உயரம் தப்பாகிவிடும். அதுபோக விக்கர் வேர்வையைக் குடிக்காது. வேர்த்த கை நிற்காது.

"கைக்குப் பிரம்பு சுத்தணும்" என்றேன்.

"வானத்துக்கா?"

"கைக்கு மட்டும். வருசா வருசம் நான் வந்து மாத்திச் சுத்திக் குடுக்கேன்."

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். கையை இல்லை, முகத்தை. பட்டறைக்கு எடுத்து வந்தோம்.

முழுவதையும் பிரித்தோம். கட்டிலுக்குப் போடுகிற பருத்தி நாடா எங்கள் ஊரில் நல்லதாகக் கிடைக்கும். அதை நனைத்து, சட்டத்தின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிக் காயவிட்டோம். புது நாடா நனைந்து காய்ந்தால் சுருங்கும், இறுகும். அதன் மேல் விக்கர். அதைப் பட்டறைக்குள் பின்னவில்லை. நடு முற்றத்தில், உச்சி வெயிலில் உட்கார்ந்து பின்னினோம். இளக வேண்டியதெல்லாம் முதலிலேயே இளகட்டும், அந்த இளக்கத்திலேயே இழுத்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். மாரியக்கா தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி குடையோடு வந்து நின்றார்.

"யாருக்குக் கொட, எங்களுக்கா?"

"வேட்டிக்கு."

"அதான பாத்தேன். நாங்க கறுத்தா என்ன, வேட்டி வெளுப்பா இருக்கணும்."

சொல்லிவிட்டு இழுத்தாள் பாருங்கள், சட்டமே கிறீச்சிட்டது. சாயங்காலம் வெயில் இறங்கியதும் பின்னல் தம்பூராக் கம்பி மாதிரி விறைப்பாக ஆனது. கைகளுக்கு மெல்லிய பிரம்புப் பட்டையை ஊறப் போட்டு நெருக்கமாகச் சுற்றினேன்.

தேருக்கு முந்தின நாள் மறுபடியும் கொண்டுபோனோம். சுபேதார் ஐயா வெளியே வரமாட்டேன் என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. அண்ணாச்சி வாசலில் நின்றபடி பேண்டேஜ் துணியை எடுத்து நாற்காலிக் கைகளில் இழுக்க ஆரம்பித்தார். பட்டறையில் ஒரு தடவை இழுத்ததுதான். ஐயாவுக்கு இடது கையில் உணர்ச்சி குறைவு, சிலாம்பு ஏறினாலும் தெரியாது என்று இங்கே திரும்பவும் இழுத்தார். ஐயா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா அது, பேண்டேஜு? எனக்குக் காயம் வரும்னு இப்பவே கட்டுதியளா?"

"நாற்காலிக்கு."

"நாற்காலிக்கு என்ன காயம்?"

"இருக்கான்னு பாக்கத்தான்."

கம்புச் சத்தம் கேட்டது. வந்துவிட்டார். கையைத் தடவினார். மீசை அசைந்தது.

"பிரம்பு. அசாமா?"

"கேரளா" என்றேன்.

"சரி. பக்கத்து ரெஜிமெண்டு."

ஆனாலும் உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சம்மதிக்கவில்லை. "நாளைக்குப் பாத்துக்கிடலாம். முடிஞ்சா நாளைக்கு முடியட்டும்" என்றார். ஒரு தடவை தெருவில் வைத்துத் தூக்கியாகிவிட்டது. இன்னொரு தடவை அவரால் தாங்க முடியாது என்று எனக்குப் புரிந்தது. அண்ணாச்சி டீ சொல்லவில்லை. கோதையம்மா காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தோம்.

தேர் அன்று நாங்கள் மூன்று பேரும் கூட்டத்தில் இடித்துப் பிடித்து அந்த வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சுபேதார் ஐயா வெள்ளை வேட்டி சட்டையில், நாமம் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி முதுகில் வெள்ளைப் பெயிண்டால் அவரே எழுதியிருந்தார்: வெளியே வை. வெளியே போடாதே.

"ஆர்டர்" என்றார் என்னைப் பார்த்து.

தூரத்தில் வடம் பிடிக்கிற சத்தம். பிறகு தேர் தெரிந்தது. அசைந்து அசைந்து வந்தது. "கோவிந்தா" என்று தெருவே எழும்பியது. தேரின் நிழல் முதலில் வாசலுக்கு வந்தது. மகன் குனிந்து கையை நீட்டினார்.

"விடுல."

இரண்டு உள்ளங்கையையும் பிரம்பில் வைத்தார். ஊன்றினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உட்காரும் இடத்தைத்தான் பார்த்தேன். பின்னல் இறங்கவில்லை. இடது கை வழுக்கவில்லை. அவர் தோள் துண்டு எனக்கு முன்னால் உயர்ந்துகொண்டே போனது. கோதையம்மா கும்பிட்ட கையோடு, தேரைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நின்றார். கை கூப்பினார். ஆண்டாள் கடந்து போகிற வரைக்கும் நின்றார்.

மாரியக்கா அண்ணாச்சியை இடித்தாள். "தேரப் பாக்க வந்தியளா, நாற்காலிக் காலப் பாக்க வந்தியளா?"

அண்ணாச்சி குனிந்தே இருந்தார். மடியில் இருந்த துணியை எடுத்து ஒரு தடவை கண்ணைத் துடைத்தார். தூசி என்று வைத்துக்கொள்வோம். மடித்துச் செருகினார்.

"டீ சொல்லு."

"இந்தக் கூட்டத்துல டீக்கு எங்க போக? நீர்மோர்தான் குடுக்காக."

"அதச் சொல்லு."

மாரியக்கா கூட்டத்துக்குள் புகுந்து டம்ளர் டம்ளராக வாங்கி வந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். மகன் நாற்காலியைக் காட்டி, "உக்காந்து குடிங்கப்பா" என்றார்.

சுபேதார் ஐயா நின்றுகொண்டே குடித்தார்.